அணுமின் நிலையத்தில் தொழில்நுட்பர் வேலைக்கு மகன் எதைப் படிக்கலாம்?

மீனா, உட்லண்ட்ஸ்:
என் மகன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் மின்னியலில் ஹையர் நைட்டெக் சான்றிதழ்ப் படிப்பை முடிக்கப் போகிறான். அடுத்தது தேசிய சேவை. 2025 சிங்கப்பூர் வரவுசெலவுத் திட்ட உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் அணுசக்தியைப் பற்றிப் பேசியதிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. என் நாத்தனார் இருப்பது அமெரிக்காவின் ஆகஸ்டாவில். அங்குள்ள ஆகஸ்டா தொழில்நுட்பக் கல்லூரியில் அணுத் தொழில்நுட்பத்துக்கு 2 ஆண்டுப் படிப்பு உண்டாம். வோகல் அணுமின் நிலையமும் அந்தப் பக்கம்தானாம். கணவரோ, "பிள்ளையைக் கதிர்வீச்சில் தள்ளுவதா?" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். பட்டம் இல்லாதவனுக்கு இந்தத் துறையில் இடம் உண்டா?

நாகா:
நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அணுமின் நிலையம் கட்டுவதென்று அரசாங்கம் இன்னும் முடிவெடுக்கவில்லை. 2025 ஜூலையில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 6.6 கோடி வெள்ளியில் தொடங்கிய அணு ஆய்வுக் கழகமும் ஆய்வாளர்களுக்கானது. பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு அனுப்புங்கள்.

இரவுப்பணி:
மீனா அக்கா, ஜூரோங் தீவில் 17 ஆண்டுகளாகக் குழாய் வெல்டிங்குகளை இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துப் படம் எடுக்கிறேன். நான் படித்ததும் நைட்டெக்தான். பட்டம் இல்லாதவனுக்கு இடம் உண்டு.

அணுமின் நிலையத்தை அன்றாடம் ஓட்டுவதில் தொழில்நுட்பர்களின் பங்கு பெரிது. அளவீட்டுக் கருவிகளைச் சரிபார்ப்பவர், நீரின் வேதியியலைக் கவனிப்பவர், பம்புகளையும் வால்வுகளையும் பராமரிப்பவர், கதிர்வீச்சுப் பாதுகாப்பாளர். அமெரிக்காவில் இவர்களுக்காகவே அணுமின் துறை ஒரு பொதுப் பாடத்திட்டம் வகுத்தது. நிலையங்களுக்கு அருகிலுள்ள சமூகக் கல்லூரிகள் அதைப் பின்பற்றிக் கற்பிக்கின்றன. அணுவுலை இயற்பியல் அதில் ஒரு பகுதிதான். மீதியில் பெரும்பாலானவை உங்கள் மகன் இப்போதே தொட்டுப் பழகும் மின்சாரமும் கருவிகளும்தான்.

என் முதல் ஆண்டில் ஒரு மழை இரவு. கதிர்வீச்சு மூலமான இரிடியத்தைப் பெட்டிக்குள் இழுத்துவிட்டேன் என்று நம்பி, கையிலிருந்த கதிர்வீச்சு அளவியைப் பார்க்காமல் நடந்தேன். மேற்பார்வையாளர் என் தோளைப் பிடித்து இழுத்தார். முள் ஏறியிருந்தது, மூலம் முழுதாக உள்ளே வரவில்லை. தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால் பங்காகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். அன்று முதல் ஒவ்வொரு முறையும் அளவியைப் பார்த்த பிறகே காலெடுத்து வைக்கிறேன். உங்கள் மகன் எழுதி வைத்த செயல்முறையை வரிவரியாகப் பின்பற்றுகிறவனா? எனக்கு அவன் மதிப்பெண்ணைவிட இதுதான் தெரிய வேண்டும்.

அமெரிக்கக் கனவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நிலையத்துக்குள் துணையின்றி நடமாடப் பின்னணி விசாரணை, மனநல மதிப்பீடு, போதைப்பொருள் சோதனை எல்லாம் உண்டு. அதற்கு முன்பாக வேலை விசா வேண்டும். 2 ஆண்டுப் படிப்பை வைத்து அது கிடைப்பது மிகக் கடினம். சேமிப்பைக் கரைத்துவிடாதீர்கள். இங்கேயே கருவியியலில் டிப்ளோமா முடித்து ஒரு மின் நிலையத்திலோ வேதித் தொழிற்சாலையிலோ கை பழகட்டும். அணுமின் நிலையம் வந்தால் அந்தக் கை அங்கும் வேண்டியிருக்கும். வராவிட்டாலும் பிழைப்புக்குக் குறைவில்லை.

தேன்மொழி:
உங்கள் கணவரிடம் நான் பேசுவதாகச் சொல்லுங்கள் அக்கா. என் அப்பா ஐடிஐ முடித்து, பயிற்சிப் பணியாளராகக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்யச் சட்டையில் குத்தியிருக்கும் பட்டையைப் பணி முடிந்ததும் அதற்குரிய இடத்தில் மாட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவார். அவர் வாங்கிய அளவெல்லாம் கணக்கில் இருந்தது. பணியாளர்களுக்கு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அலகு) என்பது பன்னாட்டுப் பரிந்துரையின் உச்ச வரம்பு. கணக்கு வைத்திருக்கிறார்கள் என்ற தைரியத்தில்தான் அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

மீனா, உட்லண்ட்ஸ்:
தம்பி, மழை இரவுப் பகுதியை மகனிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த அளவி வேலை செய்கிறதா என்பதை எதை வைத்துச் சரிபார்ப்பார்கள்?" என்று உடனே கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வரும் சனிக்கிழமை அவனோடு பேசுவீர்களா?

இரவுப்பணி:
பேசுகிறேன் அக்கா. மாலை 5 மணிக்குப் பிறகு அழைக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் எழுந்திருப்பேன்.