அலையில் மூக்கைக் குத்தும் 27 அடி பைபர் படகு: மாற்றுவதென்றால் எந்த மாடல் எடுக்கலாம்?

கடக்கரையான்:
அண்ணன்மாருக்கு வணக்கம். எங்கள் ஊர் தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நடுவில், துறைமுகம் இல்லை, மணலில்தான் ஏற்றி இறக்க வேண்டும். இருப்பது 27 அடி பைபர், 2012-ல் அப்பா வாங்கியது. 10 எச்.பி. டீசல், லாங்டெயில் (நீளத் தண்டு நுனியில் புரொப்பல்லர் உள்ள என்ஜின்). நாலு பேர் போவோம், பெரும்பாலும் கவலை மீன் வலை, சீசனில் நண்டு வலை.

இந்த வாடைக்காற்று சீசனில் படகு ரொம்பப் படுத்திவிட்டது. எதிர் அலையில் படகின் அடிப்பக்கம் டமார் டமார் என்று அறைகிறது, பலகையில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டேதான் போகிறோம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கரைக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து அலை தூக்கினால் அணியம், அதாவது மூக்கு, நேராகத் தண்ணீருக்குள் குத்துகிறது, உடனே படகு சுக்கானுக்குக் கட்டுப்படாமல் குறுக்கே திரும்பப் பார்க்கிறது. போன வாரம் கரையலையில் அப்படித் திரும்பி ஒரு பெட்டி மீனும் ஒரு துண்டு வலையும் போனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் சின்னவன் அடுத்த நாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

வேறு படகு எடுக்கலாம் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 30 அடி, எங்கள் பக்கம் எல்லோரும் வைத்திருக்கும் அதே மாருதி மாடல், அடி கொஞ்சம் தட்டை. இன்னொன்று கன்னியாகுமரிப் பக்கத்து 32 அடி வள்ளம், அணியம் நல்ல உயரம், அடி கத்தி மாதிரி வி வடிவம், செகண்ட் ஹேண்ட். மூன்றாவது 28 அடி, அகலம் மட்டும் ஒரு அடி கூடுதல். முரட்டுக் கடலில் எது சுகமாகப் போகும்? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குமரிமுனை:
மக்கா, வள்ளத்தைப் பற்றி நான் சொல்கிறேன், 11 வருடமாக அதில்தான் போகிறேன். எதிர் அலையில் அது போகிற போக்கே தனி. கச்சான் காற்றுக் காலத்தில் இங்கே வருவது நீள நீளமான அலை, ஏறி இறங்கிப் போகும், அந்த வி அடி வெட்டிக்கொண்டு போவதால் முதுகில் அடி விழாது. ஆனால் நாங்கள் அதில் 9.9 எச்.பி. அவுட்போர்டு (படகுக்கு வெளியே மாட்டும் என்ஜின்) இரண்டு கட்டுகிறோம், ஆழத்துக்குத் தூண்டிலுக்குப் போகிறவர்கள் அதற்கு மேலும் வைத்திருக்கிறார்கள். உன் ஒற்றை லாங்டெயிலைப் போட்டால் அது ஊர்ந்துதான் போகும்.

இன்னொன்று, நின்று வலை வாங்கும்போது வி அடி உருளும். பழகாதவனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அப்புறம் மணலில் இழுக்கிறாய் என்கிறாயே, ஏரா (அடியின் நடுவில் நீளமாக ஓடும் முதுகெலும்பு) ஆழமாக இருக்கிற படகு மணலில் சாயும், ஆறு பேர் தள்ளுகிற இடத்தில் பத்துப் பேர் வேண்டும். சின்னமுட்டம், முட்டம், குளச்சல் என்று எங்களுக்குத் தங்குமிடம் இருக்கிறது. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் எடுத்துவிடாதே.

மல்லிப்பட்டினத்தான்:
எங்கள் பாக் நீரிணைக் கடல் வேறு மாதிரி. ஆழம் குறைவு, அதனால் காற்று ஏறினால் அலை குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். 24 அடிப் படகு ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறி இறங்கி ஏறி, பல் ஆடிப்போகும். 30 அடி எடுத்த பிறகு இரண்டு முகட்டை ஒன்றாகத் தாண்டிப் போகிறது. என்னைக் கேட்டால் அடி எப்படி இருந்தாலும் நீளத்துக்குக் காசு போடுங்கள். அகலத்தைக் கூட்டினால் வலை வாங்க வசதி, ஆனால் எதிர் அலையில் அறையும்.

பழையகட்டுமரம்:
எல்லோரும் படகைக் குறை சொல்கிறீர்கள். கட்டுமரம் வைத்திருந்த காலத்தில் அடி வி-யா தட்டையா என்று யார் பார்த்தது? தண்ணீர் கட்டைக்கு நடுவே வந்து நடுவே போய்விடும், மூழ்கவே மூழ்காது. கரையலையில் வரும்போது அலையின் முதுகில் வர வேண்டும், முன்னால் ஓடக்கூடாது. இப்போதுள்ள பிள்ளைகள் என்ஜின் இருக்கிறதே என்று அலையை முந்தப் பார்க்கிறார்கள். முந்தினால் அலை பின்னால் தூக்கும், மூக்கு குத்தும், திரும்பும். பெரிய அலை வரிசையாக வந்து ஓய்ந்த பிறகு ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், அதுவரை வெளியே காத்திரு தம்பி. கையில் விசைப்பிடி இருக்கிறது என்பதற்காக முறுக்காதே.

1980களில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையில் அலுவலகம் வைத்திருந்தது. மணலில் ஏற்றி இறக்கும் படகுக்காகவே மாதிரி மேல் மாதிரி செய்து, புரொப்பல்லரைத் தூக்கிக்கொள்கிற டீசல் ஏற்பாடெல்லாம் கரையலையில் இறக்கிப் பார்த்தார்கள். இந்தக் கரையில் நடுக்கடலைவிடக் கடைசி நூறு கஜம்தான் சோதனை என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

கடக்கரையான்:
மாமா, நீங்கள் சொல்வது சரி, அலையை முந்தினால் தப்புதான். ஆனால் இதே படகை இதே கரையில் எட்டு ஒன்பது வருடம் நானேதான் ஓட்டியிருக்கிறேன். முன்னே இப்படிக் குத்தாது. கடைசி இரண்டு வாடையாகத்தான் இந்த ஆட்டம். அதனால்தான் படகுக்கு வயசாகிவிட்டது, மாற்றலாம் என்று நினைத்தேன்.

மோல்டுக்காரன்:
இந்தக் கடைசி வரியை முதலிலேயே எழுதியிருக்கலாம் தம்பி. நான் கடலூர்ப் பக்கம் பைபர் வேலை பார்க்கிறேன், மேட், ரோவிங் (கண்ணாடி இழைத் துணி), ரெசின் (பசை) என்று கை நாறிப்போன ஆள். மாடல் பேச்சை ஓரமாக வை, நாலு கேள்விக்குப் பதில் சொல்.

வலை, ஐஸ், ஆள் எதுவும் இல்லாமல் அமைதியான தண்ணீரில் விட்டால் படகு மட்டமாக நிற்கிறதா, முன்னால் இறங்கி நிற்கிறதா? ஒரு பக்கம் சாய்கிறதா? கரையில் ஏற்ற முன்பு எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்? டீசல் கூடுதலாகக் குடிக்கிறதா?

கடக்கரையான்:
நேற்று சாயங்காலம் ஆற்று முகத்துவாரத்துக்கு உள்ளே விட்டுப் பார்த்தேன். முன்னால் இறங்கித்தான் நிற்கிறது, இடது பக்கம் லேசாகச் சாய்வு. அடியில் பாசி படிந்த பழைய கோடு ஒன்று இருக்கிறது, அணியத்துக்குக் கிட்டே அந்தக் கோடு இப்போது தண்ணீருக்குள் நாலு விரல்கட்டை கீழே போய்விட்டது. பின்னால் கோடு தண்ணீருக்கு மேலே தெரிகிறது. ஏற்ற முன்பு ஆறு பேர், இப்போது எட்டு ஒன்பது பேர், அதையும் எல்லோருக்கும் வயசாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். டீசல் ஒரு தடவை கடலுக்குப் போய்வர 12 லிட்டர் ஆனது 15 ஆகிறது.

மோல்டுக்காரன்:
உன் படகு தண்ணீர் குடித்திருக்கிறது. முன்னால், மேல்தட்டுக்குக் கீழே மிதப்புக்காக ஃபோம் அடைத்த அறை இருக்கும். மேல்தட்டு ஓரத்தில், இல்லை நங்கூரக் கயிறு கட்டுகிற கொண்டியின் போல்ட் ஓட்டையில் முடி அளவு விரிசல் விட்டாலே போதும், ஒவ்வொரு அலையும் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றும். ஃபோம் உறிஞ்சினால் சீக்கிரத்தில் விடாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே 100, 150 கிலோ கூடியிருக்கும். அதாவது இரண்டு ஆளை அணியத்தில் நிரந்தரமாக உட்கார வைத்துவிட்டு அலையில் இறங்குகிறாய். மூக்கு குத்தாமல் என்ன செய்யும்? மூக்கு ஆழமாகப் போனால் அது ஊன்றிக்கொள்ளும், பின்பக்கம் இலகுவாகி அலை அதைச் சுற்றிவிடும். குறுக்கே விழுவது இப்படித்தான்.

சோதிக்கிற வழி: படகைக் கரையில் ஏற்றி, முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வை. அந்த அறையின் பின்சுவரில், உள்பக்கமாக, அடியை ஒட்டி 8 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடு. வெளி அடியில் போட்டுவிடாதே. தண்ணீர் வந்தால் ராத்திரி முழுக்க வடிய விடு, குடம் வைத்து அளந்து பார்.

எதிர் அலையில் அறைவது வேறு சமாச்சாரம், அதையும் இதையும் ஒன்றாக்காதே. உன் அடி தட்டை, அது அறையத்தான் செய்யும், புதுப்படகாக இருந்தபோதும் அறைந்திருக்கும். ஃபோம் மாற்றினால் குத்துவது நிற்கும், அறைவது முழுக்கப் போகாது.

மல்லிப்பட்டினத்தான்:
அப்படியென்றால் குமரி அண்ணன் சொன்ன வி அடிதானே அறைவதற்கு மருந்து?

மோல்டுக்காரன்:
கொஞ்சம்தான். தண்ணீர்க்கோட்டில் 25 அடி நீளம் இருக்கிற படகு, சுமையோடு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறபோது மணிக்கு ஆறரை, ஏழு கடல்மைலைத் தாண்டுவது கஷ்டம். 10 எச்.பி. அந்த வேகத்துக்குத்தான். கடைசி வரை ஆழமான வி அடி, படகு தண்ணீர் மேலே எழும்பி வேகமாகப் பறக்கிறபோது விழுகிற அடியைத் தாங்கத்தான். ஆறு மைல் வேகத்தில் அதன் லாபத்தில் பாதிகூட உனக்குக் கிடைக்காது. உருளலும் மணலில் இழுக்கிற கஷ்டமும் மட்டும் முழுசாகக் கிடைக்கும்.

இந்தக் கரைக்கு நான் சொல்வது, முன்னால் மூன்றில் ஒரு பங்கு நல்ல வி, நடுவிலிருந்து பின்னால் போகப் போகத் தட்டை. அலையைச் சந்திப்பது முன்பக்கம், அங்கே வெட்டட்டும். பின்பக்கம் தட்டையாக இருந்தால் வலை வாங்க நிற்கலாம், மணலிலும் நேராக உட்காரும். 2004 சுனாமிக்குப் பிறகு உதவியாகக் கொடுக்க ஆயிரக்கணக்கில் படகு தேவைப்பட்டது. அவசரத்தில் அடித்ததில் பல படகுகள் மெல்லிசு, அடியும் மொத்தமாகத் தட்டை, தட்டையாக இருந்தால் மோல்டிலிருந்து கழற்றச் சுலபம். அந்த மோல்டைப் பார்த்து அடித்த மோல்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாங்கும்போது படகுக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும், மேலே அடித்திருக்கிற பெயிண்டைப் பார்த்து வாங்காதே.

குமரிமுனை:
சரிதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வள்ளத்திலும் பின்பக்கம் நீ நினைக்கிற அளவு வி கிடையாது. அறைதல் குறைய இன்னொன்று: அலைக்கு நேராகப் போகாமல் கொஞ்சம் சாய்த்து, ஒரு தோளில் வாங்கிப் போ. தூரம் கூடும், முதுகு மிச்சம்.

கடக்கரையான்:
நாலு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், கை முழுக்கப் பைபர் தூசி, அரிப்புத் தாங்கவில்லை.

ஓட்டை போட்டவுடன் பீய்ச்சி அடித்தது. கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றம். ராத்திரி முழுக்க வடிந்தது ஏழு குடம், சில்லறை. அதோடு நிற்கவில்லை. மேல்தட்டை அறுத்துத் திறந்தால் இடது பக்க ஃபோம் முழுக்க ஊறிப்போய், கையால் பிழிந்தால் தேன்கூட்டிலிருந்து வடிகிற மாதிரி தண்ணீர். ஒரு துண்டை, தலையணை அளவுதான் இருக்கும், தராசில் போட்டோம், 9 கிலோ. காய்ந்த துண்டு ஒன்று வலது மூலையில் கிடைத்தது, அதே அளவு, அது ஒரு கிலோகூட வரவில்லை. அப்பா அதை இரண்டு கையிலும் வைத்து மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரிசல் அண்ணன் சொன்ன இடத்திலேயேதான், கொண்டி போல்ட்டைச் சுற்றி.

இப்போது கேள்வி: திரும்ப ஃபோமே அடைக்கட்டுமா? பக்கத்து வீட்டு அண்ணன் ஒன்றும் வேண்டாம், காலியாகவே மூடிவிடு என்கிறார்.

மோல்டுக்காரன்:
காலியாக மட்டும் விடாதே. அடி எங்காவது உடைந்தால் அந்த அறை நிறைந்து படகு மூக்குப் பக்கமாக இறங்கிவிடும், கவிழ்ந்தால் பிடித்துத் தொங்கக்கூட மிதப்பு இருக்காது. செலவு குறைய வேண்டுமென்றால் மூடி இறுக்கமான 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை, மூடியில் பசை வைத்து இறுக்கி, அசையாதபடி நெருக்கமாக அடுக்கு. ஒரு கேன் ஓட்டையானாலும் மற்றவை நிற்கும், தண்ணீர் புகுந்தால் வடித்துவிடலாம், ஃபோம் மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளாது. அறைக்கு ஒரு வடிகால் அடைப்பான் வை, வாரம் ஒரு முறை திறந்து பார். கொண்டியை எடுத்துவிட்டு மேல்தட்டுக்கு அடியில் ஒரு மரத்துண்டு கொடுத்து, நாலு மேட் போட்டு, அப்புறம் போல்ட் முறுக்கு. மழையில் ரெசின் வேலை செய்யாதே, ஈரத்தில் பிடிக்காது.

பழையகட்டுமரம்:
ஐஸ் பெட்டியை எங்கே வைக்கிறாய்?

கடக்கரையான்:
நடுவுக்குக் கொஞ்சம் முன்னால், மாமா.

பழையகட்டுமரம்:
திரும்பி வரும்போது மீனும் ஐஸும் அதில்தானே இருக்கும். அதை நடுவுக்குப் பின்னால் தள்ளு. கரையலை வருவதற்கு முன்னால் முன்னே உட்கார்ந்திருக்கிற பையனையும் பின்னால் கூப்பிட்டுக்கொள். வெளியே போகும்போது மட்டும் அவன் முன்னால் இருக்கட்டும், இல்லாவிட்டால் அலை மூக்கைத் தூக்கி அடிக்கும்.

கடக்கரையான்:
கேன் வைத்து மூடியாகிவிட்டது, இன்று காலை இறக்கினோம். பழைய பாசிக் கோடு முன்னால் ஒரு விரல்கட்டைதான் தண்ணீருக்குள் இருக்கிறது, சாய்வு இல்லை. கொண்டல் காற்று கொஞ்சம் இருந்தது, பெரிய அலை இல்லை, அதனால் முழுசாகச் சொல்ல முடியாது, ஆனால் திரும்பும்போது ஒரு தடவைகூடக் குத்தவில்லை. எதிர் அலையில் அறைகிறது, அண்ணன் சொன்னபடியே. ஏற்ற ஏழு பேர்.

32 அடி வள்ளத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 30 அடியை அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார் அப்பா. சின்னவன் நாளைக்கு வருகிறானாம், ஆனால் கரையலை வந்ததும் அவன்தான் முதலில் பின்னால் வந்து உட்காருவானாம்.

மோல்டுக்காரன்:
30 அடி பார்க்கப் போகும்போது சொல், நானும் வருகிறேன். சாக்பீஸும் ஒரு கட்டை ஸ்கேலும் எடுத்துக்கொண்டு வா, பழைய சட்டை போட்டுக்கொள். அடியில் படுக்க வேண்டியிருக்கும்.