இரண்டு 375 சேர்ந்தால் ஒரு 625 ஆகுமா?

மோல்மீன் கடைப்பையன்:
சீட்டில் கோ-அமாக்சிக்ளாவ் (அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த கிருமிக்கொல்லி மாத்திரை) 625 எழுதியிருக்கு, கடையில் 375தான் இருக்கு. இரண்டாகக் கொடுத்தால் 750, கொஞ்சம் கூடுதல்தானே? இன்னொன்று, இங்கே காய்ச்சலுக்குக் கட்டித்தரும் கலவைப் பொட்டலத்தில் அமாக்சிசிலினோடு டாக்சிசைக்ளினும் போகுது. இரண்டு மருந்துன்னா இரட்டை வேகமா?

ரங்கூன் மருந்தாளுநர்:
கொடுக்காதீங்க தம்பி. 625ல் அமாக்சிசிலின் 500 மி.கி., கிளாவுலானிக் அமிலம் 125. 375லோ 250, 125. இரண்டு 375 போட்டால் அமாக்சிசிலின் அதே 500தான் வரும், கிளாவுலானிக் மட்டும் 250க்கு ஏறிவிடும். வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் அதுதான். சீட்டு எழுதிய டாக்டர் சரி என்றால், ஒரு 375ஓடு தனி அமாக்சிசிலின் 250 ஒன்று. கணக்கு நேராகிவிடும். சாப்பாட்டின் முதல் கவளத்தோடு விழுங்கச் சொல்லுங்க.

கிளாவுலானிக் தன்னளவில் கிருமியைக் கொல்வது சொற்பம். கிருமி விடுகிற பீட்டா-லாக்டமேஸ் நொதி அமாக்சிசிலினை உடைத்துப்போடும். கிளாவுலானிக் அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும், அவ்வளவே வேலை. அதனால் நொதி விடாத கிருமிக்கு இந்தக் கூட்டு வீண்செலவு.

பொட்டலத்தில் இதைப் பிரித்துப் போடவே கூடாது. ஈரம் பட்டால் கிளாவுலானிக் கெட்டுவிடும், நம்ம பர்மா மழைக்காலம் தெரியுமே. அட்டையோடு வெட்டிக் கொடுங்க.

வார்டு அக்கா:
பொட்டல விஷயம்: அமாக்சிசிலின் மாதிரி பென்சிலின் வகை, கிருமி வளர்ந்து தன்னைச் சுற்றிச் சுவர் கட்டும்போதுதான் அடிக்கும். டாக்சிசைக்ளின் வளர்ச்சியையே நிறுத்திவிடும். ஒன்று மற்றதன் கையைக் கட்டிப்போடும். 1951ல் வெளியான ஆய்வில், நிமோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலுக்குப் பென்சிலின் மட்டும் பெற்றவர்களில் 21% இறந்தார்கள். டாக்சிசைக்ளின் சேர்ந்த டெட்ராசைக்ளின் வகை மருந்தொன்றையும் சேர்த்துப் பெற்றவர்களில் 79%.

ரங்கூன் மருந்தாளுநர்:
அக்கா சொல்வது மூளைக்காய்ச்சலுக்குப் பொருந்தும். நிமோனியாவுக்கு இரண்டையும் தெரிந்தே சேர்த்து எழுதுவதுண்டு, நிமோனியா உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் சுவரே இல்லாததால், பென்சிலின் வகை அதை அடிக்காது. சீட்டில் அப்படி வந்தால் டாக்டரோடு சண்டைக்குப் போகாதீங்க. சீட்டே இல்லாத பொட்டலம்தான் தப்பு.

மோல்மீன் கடைப்பையன்:
அப்ப காசநோய்க்கு நாலு மருந்து எதுக்கு?

வார்டு அக்கா:
அது வேறு கணக்கு தம்பி. ஐசோநயாசிடுக்கு மசியாத கிருமி சுமாராகப் பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு மசியாதது பத்துக் கோடியில் ஒன்று, தானாகவே இருக்கும். நுரையீரலில் குழி விழுந்தவர் உடம்பில் பத்துக் கோடி கிருமி சாதாரணம். ஒரே மருந்து கொடுத்தால் அந்த மசியாததுதான் பெருகும். இரண்டுக்கும் மசியாத ஒன்று கிடைக்க நூறு லட்சம் கோடி கிருமி வேணும். பைரசினமைடு சீழின் அமிலத்தில் மெதுவாக வளரும் கிருமியைப் பிடிக்கும். முதல் இரண்டில் ஒன்று ஏற்கெனவே பலிக்காதவருக்கு எத்தாம்ப்யூட்டால் காவல்.

கூட்டு மாத்திரை ஒன்றில் ரிஃபாம்பிசின் 150, ஐசோநயாசிட் 75, பைரசினமைடு 400, எத்தாம்ப்யூட்டால் 275 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 4 மாத்திரை, வெறும் வயிற்றில், ஒரே வேளையில். காலையில் இரண்டு மாலையில் இரண்டு என்று பிரித்தால் ரிஃபாம்பிசின் இரத்தத்தில் போதிய உச்சத்துக்கு ஏறாது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்க, பயந்து நிறுத்துகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள்.