ஹெனோகோ: பவளத்தை இடம் மாற்றி நட்டால் போதுமா?

கேள்வி (வெயிலான்): ஜப்பானின் ஒகினாவா தீவில் ஃபுடென்மா என்ற அமெரிக்கப் படை விமானத் தளத்துக்கு மாற்றாக ஹெனோகோவில் கடலைத் தூர்த்து ஓடுபாதை போடுகிறார்களே, பவளத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமா. அப்படியா?

நண்டுக்கால்: பவளத்தைப் பெயர்க்கலாம், கடல்பசுவின் மேய்ச்சல் நிலத்தை என்ன செய்வீர்கள்? நம் பாக் நீரிணையில் இருக்கும் அதே ஆவுளியாதான். கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். அது போன வழி மணலில் நீளக் கோடாகத் தெரியும். 2019-இல் ஒகினாவாவில் ஒன்று செத்து ஒதுங்கியது. அந்த வட்டாரத்தில் இருந்ததே சொற்பம். அப்புறம் ஹெனோகோவில் தூர்க்கும் ஓரா விரிகுடாவின் அடித்தரை இளகிய களிமண். சில இடங்களில் கடல்மட்டத்திலிருந்து 90 மீட்டர் ஆழம் வரை. அதை இறுக்கச் சுமார் 71,000 மணல் தூண்கள் இறக்கும் திட்டம். கலங்கும் சேற்றை யார் வடிகட்டுவது? மாமாவைக் கேளுங்கள்.

வெயிலான்: ஃபுடென்மா ஊருக்கு நடுவில் இருக்கிறதே, அதை அப்படியே விடவா?

நண்டுக்கால்: விடச் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் அங்கிருந்து கசிந்த தீயணைப்பு நுரை ஊருக்குள் பறந்தது, அதில் பிஃபாஸ் எனும், எளிதில் சிதையாத வேதி நஞ்சு. மூட வேண்டிய தளம்தான். அதற்கு இன்னொரு கடலைத் தூர்க்க வேண்டுமா? 2019-இல் ஒகினாவா மக்களிடம் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 72 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வேலை நிற்கவில்லை.