இரண்டு ஹீட், ஒரே எண்கள்: சான்றிதழை நம்பலாமா?

கவிதா, கோவை:
வால்வு தயாரிக்கும் சிறு தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகளாகத் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். அணுமின் நிலையத்துக்குப் போகும் வால்வுகளின் ஸ்டெம்முக்காக (வால்வைத் திறந்து மூடும் தண்டு) சென்ற வாரம் 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகு ராடுகள் வந்தன. ஹீட் எண்கள் (ஒரே முறை உருக்கிய தொகுதிக்குத் தரும் எண்) இரண்டு. ஆனால் இரண்டு சான்றிதழ்களிலும் கரிமம், குரோமியம், நிக்கல், மாலிப்டினம் எல்லாம் மூன்றாவது தசமம் வரை ஒன்றே. இழுவிசை வலிமையும் ஒன்றே. தனித்தனியாக உருக்கிய இரும்பு இப்படி அமையுமா? கொள்முதல் பிரிவில், "தட்டச்சுப் பிழையாக இருக்கும், திருத்திய சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். கையடக்க எக்ஸ்ரே கருவியில் பார்த்தேன். குரோமியம், நிக்கல் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்துவிடலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற ஆய்வாளர், திருச்சி:
வேண்டாம், அம்மா. திருத்திய சான்றிதழ் கேட்ட மறுநாளே எண்களை மாற்றி அழகாக அனுப்பிவிடுவார்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரே தடயமும் போய்விடும். பழைய இரண்டையும் நகலெடுத்து, சரக்கின் மேல் நிறுத்திவைப்புச் சீட்டு ஒட்டி, குறைபாட்டு அறிக்கை எழுதுங்கள்.

தென்கொரியாவில் நடந்ததை உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள். 2013 மே மாதம் ஷின் கோரி 2, ஷின் வோல்சொங் 1 ஆகிய உலைகளை நிறுத்தினார்கள். பராமரிப்பில் இருந்த ஷின் கோரி 1 திரும்ப இயங்க முடியவில்லை. பாதுகாப்பு அமைப்புகளுக்குச் சமிக்ஞை கொண்டுபோகும் கேபிள்களின் சோதனை அறிக்கை பொய் என்று தெரிந்ததுதான் காரணம். குளிர்விக்கும் நீர் வெளியேறும் விபத்தில் அந்தக் கேபிள் கொதிநீராவிக்கும் அழுத்தத்துக்கும் நடுவே வேலை செய்தாக வேண்டும். வெளிநாட்டு ஆய்வகத்தில் தோற்றுப்போன முடிவுகளை, சோதனைக்குப் பொறுப்பேற்ற கொரிய நிறுவனம் தேறியதாக மாற்றி எழுதியது. சாதாரண நாளில் அந்தக் கேபிளில் எந்தக் குறையும் தெரியாது. யாரோ ஒருவர் ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தகவல் கொடுத்ததால்தான் வெளிவந்தது. உலைகள் 2014 ஜனவரியில்தான் திரும்ப ஓடின. அதற்கெல்லாம் முன்பு 2012இலேயே, ஆயிரக்கணக்கான உதிரிபாகங்கள் போலித் தரச்சான்றுடன் வந்தது தெரிந்து யோங்குவாங் 5, 6 உலைகளை நிறுத்தியிருந்தார்கள். சுமார் 100 பேர் மீது வழக்கு.

ஆகவே துண்டை நீங்களே வெட்டுங்கள். ஆய்வகத்தின் அறிக்கை இடையில் யார் கையும் படாமல் உங்களிடம் வர வேண்டும். இன்னொன்று: இதே வியாபாரியிடம் முன்பு வாங்கியிருக்கிறீர்களா?

உலோக ஆய்வகம், சென்னை:
அந்தக் கருவியை நம்பி இருந்துவிடாதீர்கள். அதற்குக் கரிமம் தெரியாது. 316க்கும் 316எல்லுக்கும் முக்கிய வேறுபாடே அதுதான்: முன்னதில் 0.08 சதவீதம் வரை, பின்னதில் 0.03க்குள். மின்பொறி கொண்டு கரிமத்தையும் அளக்கும் ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பாருங்கள்.

துண்டை எங்கே எடுக்கிறோம் என்பதும் முக்கியம். பிரான்சில் பிளமான்வில் அணு உலைக்கலனின் மேல்மூடியும் அடிப்பகுதியும் லெ குரூசோ பட்டறையில் அடித்து உருவாக்கியவை. 0.22 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய கரிமம், அதே போலச் செய்த வேறொரு மூடியைச் சோதித்தபோது நடுப்பகுதியில் 0.30 இருந்தது. பெரிய வார்ப்புக் கட்டியில் கரிமம் ஓரிடத்தில் சேர்ந்துகொள்ளும். ஏற்புச் சோதனைக்கான துண்டை ஓரத்திலிருந்து எடுத்தால் அது கண்ணில் படாது. 2015இல் அறிவித்தார்கள், அதன்பின் பழைய கோப்புகளைப் புரட்டியபோது அதே பட்டறையின் பதிவேடுகளிலேயே முறைகேடுகள் வெளிவந்தன.

கவிதா, கோவை:
இருவருக்கும் நன்றி, ஐயா. கொரியச் செய்தியை முதலாளியிடம் படித்துக் காட்டினேன். அரைமணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நிறுத்திவைப்புச் சீட்டில் அவரே கையெழுத்திட்டார். ஒவ்வொரு ஹீட்டிலிருந்தும் துண்டு வெட்டி, எண்ணை நானே பொறித்து, பஸ்ஸில் கொண்டுபோய் ஆய்வகத்தில் கொடுத்தேன். இன்று அறிக்கை வந்தது. ஒன்றில் கரிமம் 0.021. மற்றொன்றில் 0.054.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆம், சென்ற ஆண்டு இரண்டு முறை வாங்கியிருக்கிறோம். அந்த வால்வுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. வாங்கியவர்களுக்கு எழுத முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். ஹீட் எண்களைப் பட்டியலிட்டுக்கொண்டிருக்கிறேன்.