யூ-டர்னில் இடது ஷூ மட்டும் முன்டயரில் இடிக்கிறது: ஃபோர்க் வளைந்திருக்குமா?

கருங்குயில்:
வணக்கம். சென்ற மாதம் வாங்கிய ரோடு பைக்கில் மெதுவாகத் திரும்பும்போது இடது ஷூவின் நுனி முன்டயரில் இடிக்கிறது. நேற்று யூ-டர்ன் எடுக்கையில் சக்கரம் தடைபட்டு, முழங்கை சிராய்க்க விழுந்தேன். வலது ஷூ ஒருமுறைகூட இடித்ததில்லை என்பதால் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) ஒருபக்கமாக வளைந்திருக்குமோ என்று அஞ்சுகிறேன். சின்ன ஃபிரேமில் இது இருக்கத்தான் செய்யும் என்று கடையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஞாயிறன்று நெடும்பயணம் இருப்பதால் விரைவில் பதில் தேவை.

மில்லிமீட்டர்:
ஃபிரேம் அளவு என்ன? கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நீளம், டயர் அகலம்? மட்கார்டு உண்டா? பெடலோடு பூட்டும் ஷூவா, சாதாரண ஷூவா?

பழைய எஃகு:
முதலில் ஃபோர்க்கைத்தான் பார்க்க வேண்டும். வண்டியைப் பூட்டுகிறவர்கள் அதை முன்பின்னாக மாட்டிவிடுவதை நானே இருமுறை கண்டிருக்கிறேன். அப்படி மாட்டினால் முன்சக்கரம் பல சென்டிமீட்டர் பின்னுக்கு வந்துவிடும். டிஸ்க் பிரேக் என்றால் ரோட்டார் (பிரேக் கவ்வும் வட்டத்தகடு), சரியாக மாட்டியிருந்தால் இருக்க வேண்டியபடி, உங்கள் இடப்பக்கம் இருக்கிறதா?

மூத்த மிதியாளர்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது. சிறிய ஃபிரேமில் 700சி என்ற வழக்கமான பெரிய சக்கரம் பூட்டினால் கால் இடிக்கும் என்பது பாலபாடம். வேகமாகப் போகும்போது ஹேண்டில் சில டிகிரிக்கு மேல் திரும்புவதில்லை. வண்டியைப் பழகிக்கொள்ளுங்கள்.

கருங்குயில்:
மன்னிக்கவும். 47 செ.மீ. ஃபிரேம், 170 மி.மீ. கிராங்க், 28 மி.மீ. டயர், முழு மட்கார்டு. பூட்டும் ஷூதான், அதன் அடியில் பெடலோடு பூட்டும் கிளீட்டைக் குதிகால் பக்கமாக முழுதும் தள்ளி வைத்திருக்கிறேன். ரோட்டார் இடப்பக்கமே இருக்கிறது.

மில்லிமீட்டர்:
இப்போது தெளிவாகிறது. வலப்பக்கம் திரும்பும்போது சக்கரத்தின் முன்பாதி வலத்துக்கும் பின்பாதி இடத்துக்கும் போகிறது. அந்த நேரத்தில் இடது பெடல் முன்னால் இருந்தால் இடிக்கும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் நம் யூ-டர்ன் எல்லாமே வலப்பக்கம்தான், ஹேண்டிலை அதிகம் முறுக்குவதும் அங்கேதான். ஆகவே இடது ஷூ மட்டும் இடிப்பதை வைத்து ஃபோர்க் கோணல் என்று சொல்ல முடியாது. வண்டியை நிறுத்தி, வலது ஷூவை முன்னால் வைத்து, ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். அதே அளவு திருப்பலில் அதுவும் இடித்தால் ஃபோர்க் ஒருபக்கமாக வளையவில்லை.

கிளீட்டைக் குதிகால் பக்கம் தள்ளினால் பாதம் முன்னுக்கு நீள்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதை 5 மி.மீ. விரல் பக்கம் நகர்த்துங்கள். கெண்டைக்கால் வலித்தால் சற்றுத் திரும்பக் கொண்டுபோங்கள். 165 கிராங்க் இன்னொரு 5 மி.மீ. தரும், அப்போது சீட்டையும் 5 மி.மீ. உயர்த்த வேண்டும். 25 டயர் தருவது 3 மி.மீ. மட்டுமே. மட்கார்டைக் கழற்றினால் கிடைப்பதுதான் பெரிய இடைவெளி.

மூத்த மிதியாளர்:
கிராங்கைக் குறைத்தால் ஏற்றத்தில் வலு போய்விடும். புதியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

மில்லிமீட்டர்:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இது சரியன்று. 2001-இல் ஆய்வாளர்கள் மார்ட்டினும் ஸ்பர்டூசோவும் 120 முதல் 220 மி.மீ. வரையான கிராங்குகளை ஒப்பிட்டபோது, உச்ச வலு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது மிகக் குட்டையான 120-லும் மிக நீளமான 220-லும்தான். 145-க்கும் 170-க்கும் இடையே அப்படி வேறுபாடில்லை.

மூத்த மிதியாளர்:
அது சில நொடி உச்ச வலு. ஒரு மணி நேர ஏற்றம் வேறு.

பழைய எஃகு:
ஏற்றத்துக்குக் கியர் இருக்கிறது. அடிப்படைப் பிழை எல்லா உயரத்தாருக்கும் ஒரே சக்கரம் என்பதுதான். 1980-களிலேயே அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி பெண்களுக்கான சிறிய ஃபிரேம்களில் முன்னால் 24 அங்குலச் சக்கரம் பூட்டி இதைத் தீர்த்துக் காட்டினார்.

மூத்த மிதியாளர்:
அந்த அளவு டயரும் டியூபும் வழியில் எந்தக் கடையில் கிடைக்கும்?

ஈரச்சாலை:
இது விற்பனைக் குறைபாடாகுமா என்பதற்கு ஒரு குறிப்பு. பெடல் அச்சின் நடுவிலிருந்து டயர் அல்லது மட்கார்டு வரை 89 மி.மீ. இடைவெளி வேண்டும் என்கிறது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. ஆனால் பாதத்தைப் பிணைக்கும் அமைப்புள்ள வண்டிகளுக்கு அது பொருந்தாது. கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். ஞாயிறுக்கு முன் காலி மைதானத்தில் பழகுங்கள்: வலப்பக்க யூ-டர்னில் இடது பெடலைக் கீழே நிறுத்தி, முழுச் சுற்று மிதிக்காமல், பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வட்டமடியுங்கள்.

கருங்குயில்:
நிறுத்திவைத்துப் பார்த்தேன், வலது ஷூவும் அதே அளவில் இடிக்கிறது. மட்கார்டைக் கழற்றி, கிளீட்டை 4 மி.மீ. நகர்த்தியிருக்கிறேன், இப்போது நுனி உரசுகிறது, சக்கரத்தைத் தடுப்பதில்லை. மைதானத்துக்குக் கிளம்புகிறேன். நன்றி.