ஸிங்கர்மன்ஸிலிருந்து மைதானத்துக்கு 25 நிமிட நடையாம்!

பழைய மாணவன்:
மகனை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டு முதன்முறையாகச் சனிக்கிழமை அதன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்க வரும் நியூஜெர்சி நண்பர் ஒருவர், பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் எங்கே சாப்பிடலாம், எங்கே நிம்மதியாக ஒரு பியர் குடிக்கலாம் என்று நேற்று இங்கே கேட்டிருந்தார். அதற்குக் கான்டன்வாசி, "ஸிங்கர்மன்ஸ் சாண்ட்விச் கடையைத் தவிர வேறெங்கும் போகாதீர்கள், அங்கே ரூபன் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு கிளம்பினால் மைதானம் வெறும் 25 நிமிட நடை" என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். சாண்ட்விச்சைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த 25 நிமிடக் கணக்கு எந்த ஊரில், எந்தக் கிழமையில் போடப்பட்டது என்பதை அவர் விளக்க வேண்டும். அந்தக் கடை வடக்கே கெரிடவுன் பகுதியில், டெட்ராய்ட் தெருவில் இருக்கிறது. மைதானமோ தெற்கே, மெயின் தெருவும் ஸ்டேடியம் சாலையும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. இடையில் சுமார் ஒன்றரை மைல் தூரமும், ஆட்ட நாளில் லட்சம் பேரும் இருக்கிறார்கள். அந்த நடைக்கு 45 நிமிடத்துக்குக் குறையாது. கேட்டவர் ஊருக்குப் புதியவர், அவரைத் தவறாக வழிநடத்தாதீர்கள்.

கான்டன்வாசி:
ஐயா, வணக்கம். நான் நடந்து பார்த்துத்தான் சொன்னேன், 25 நிமிடம்தான். சிலருக்கு வயது காரணமாகக் கூடுதலாக ஆகலாம், அதற்கு ஊர் பொறுப்பாகாது. 1982-இல் தொடங்கிய கடை அது. 2014 ஏப்ரலில் அன்றைய அதிபர் ஒபாமாவே ஆன் ஆர்பருக்கு வந்தபோது அங்கே போய் ரூபன் சாப்பிட்டார். அமெரிக்க அதிபருக்குப் போதுமான உணவு நம் நியூஜெர்சி நண்பருக்குப் போதாதா?

பழைய மாணவன்:
ஒபாமா அங்கிருந்து மைதானத்துக்கு நடந்து போனாரா? அவர் வந்தது ஏப்ரல் மாதம். கல்லூரிக் கால்பந்து நடப்பது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. ஆட்டமே இல்லாத மாதத்தில், பாதுகாவலர் புடைசூழ வந்து சாப்பிட்டவரை ஆட்ட நாளுக்குச் சாட்சியாக அழைப்பது எந்த ஊர் வழக்கு என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் கான்டன்வாசி மறைத்துவிட்டார். சனிக்கிழமைகளில் அந்தக் கடைக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் ஆன் ஆர்பர் உழவர் சந்தை நடக்கிறது. காலையிலிருந்தே பூசணிக்காயும் ஆப்பிளும் வாங்க வரும் உள்ளூர்க் கூட்டம் ஒரு பக்கம், மஞ்சள் நீலச் சட்டை போட்ட ஆட்டக் கூட்டம் ஒரு பக்கம், இரண்டும் அந்தச் சிறிய செங்கல் கட்டடத்தின் வாசலில்தான் வந்து முட்டுகின்றன. ஆட்டம் பகல் 12 மணிக்குத் தொடங்கும் நாளில் அந்த வரிசையில் நின்று, 20 டாலரை ஒட்டிய ஒரு சாண்ட்விச் வாங்கி, அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு 45 நிமிடம் நடப்பவர் முதல் உதை விழுவதைப் பார்க்கப் போவதில்லை.

ஸ்கார்பரோ மலர்:
நாங்கள் விண்ட்சர் எல்லையைத் தாண்டி ஆட்டத்துக்கு வருவதுண்டு. நீங்கள் இருவரும் நிமிடக் கணக்குக்குச் சண்டை பிடிக்கிறீர்கள், மரக்கறி உணவு மட்டும் உண்போர் எங்கே போவது என்பதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ரூபன் என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய மாட்டிறைச்சி, சுவிஸ் சீஸ், புளிக்க வைத்த முட்டைக்கோசு ஆகியவற்றை ரை ரொட்டிக்குள் வைத்துச் சுடுவது. அதை எல்லோருக்கும் பொதுவான அறிவுரையாகச் சொல்ல முடியுமா?

கான்டன்வாசி:
அம்மா, அதே கடையில் இறைச்சி இல்லாத சாண்ட்விச்களும் இருக்கின்றன. முன்கூட்டியே ஆர்டர் சொல்லி வைத்தால் வரிசையும் இல்லை. பிறகு 25 நிமிட நடை. முடிந்தது விஷயம்.

பழைய மாணவன்:
முடியவில்லை. 45 நிமிடம்.

மலர் அவர்களுக்கு மட்டும் ஒழுங்கான பதில் சொல்கிறேன். சவுத் ஆஷ்லி தெருவில் ஃப்ளீட்வுட் டைனர் என்று ஒரு தகரப்பெட்டிக் கடை இருக்கிறது. அங்கே ஹிப்பி ஹாஷ் என்று கேளுங்கள். முறுகலாக வதக்கிய துருவல் உருளைக்கிழங்கின்மேல் தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், காளான், பிராக்கலி எல்லாம் கல்லில் புரட்டிப் போட்டு, மேலே ஃபெட்டா சீஸை உதிர்த்துத் தருவார்கள். இறைச்சி கிடையாது, வயிறு நிறையும், விலையும் கையைக் கடிக்காது. உட்கார இடம் குறைவு என்பதால் காலையில் சீக்கிரம் போக வேண்டும். முக்கியமான செய்தி, அங்கிருந்து மைதானம் ஒரு மைல்தான். ஸிங்கர்மன்ஸைவிட அரை மைல் குறைவு என்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

சும்மா பார்ப்பவன்:
ஒரு சிறிய ஐயம். நீங்கள் இருவரும் சொல்லும் நடை எந்த இடம் வரை? வாயில் வரையா, இருக்கை வரையா? கூட்டமில்லாத நாளிலா, ஆட்ட நாளிலா? அதை முதலில் முடிவு செய்தால் இரண்டு எண்களும் சரியாக இருக்க வாய்ப்பிருக்கிறது.

கான்டன்வாசி:
இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது? நடை என்றால் நடை. 25.

பழைய மாணவன்:
சும்மா பார்ப்பவர் சும்மா பார்ப்பதே நல்லது.

ஊற்றிக்கொடுப்பான்:
குடிக்கும் விஷயத்தில் ஒருவரும் உருப்படியாக எதுவும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மைதானத்துக்குள் ஒரு சொட்டு மது கிடையாது. எனவே ஸ்டேட் தெருவில் ஆஷ்லீஸ் என்ற மதுக்கடைக்குப் போய், வரிசையாக இருக்கும் குழாய்களில் பெல்ஸ் டூ ஹார்ட்டட் பியர் எது என்று பார்த்து ஊற்றச் சொல்லி, ஆற அமரக் குடித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதுவே இந்த ஊரின் மரபு.

கொலம்பஸ்காரன்:
உள்ளே மது இல்லை என்ற கதை எந்தக் காலத்தில் எழுதியது? மிச்சிகன் மாநிலத்தில் பல்கலைக்கழக மைதானங்களில் விற்க வழிசெய்யும் சட்டம் 2023-இல் வந்தது, உங்கள் மைதானத்தில் 2024 பருவத்திலிருந்து விற்கிறார்கள். ஓஹையோவில் இருக்கும் எனக்குத் தெரிந்தது ஆன் ஆர்பர் குடிமகனுக்குத் தெரியவில்லை. நாங்கள் கொலம்பஸில் இதற்கெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்டோம் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஊற்றிக்கொடுப்பான்:
ஓஹையோக்காரரின் பணிவை, இரு அணிகளும் மோதும் நவம்பர் கடைசியில் பார்த்துக்கொள்வோம். உள்ளே விற்றாலும் விலை என்ன, சுவை என்ன என்பதைக் குடித்தவர்கள் அறிவார்கள். நான் சொன்ன மரபு என்பது வெளியே குடிப்பதுதான்.

பழைய மாணவன்:
மரபு என்று ஊற்றிக்கொடுப்பான் பேசுவதால் ஒரு வரலாற்றுச் செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1960-கள் வரை, இந்த ஊரில் டிவிஷன் தெருவுக்குக் கிழக்கே மது விற்கத் தடை இருந்தது. மாணவர்கள் இருக்கும் பக்கம் வறண்ட பக்கம். குடிப்பவர்கள் மேற்கே மெயின் தெருப் பக்கம் வர வேண்டும். மெயின் தெருவை ஒட்டிய பகுதிதான் இந்த ஊரின் பழைய குடிப் பகுதி. ஸ்டேட் தெரு அந்தக் கோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது, அதாவது மரபுப்படி அங்கே தண்ணீர்தான் குடித்திருக்க வேண்டும். இன்று அங்கே குடிப்பதில் குற்றம் ஒன்றுமில்லை, அதை மரபு என்று மட்டும் சொல்லாதீர்கள். புதியவருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஆட்ட நாளில் பேக்கர்ட், ஹூவர் தெரு வீட்டுத் திண்ணைகளில் மாணவர்கள் ஆட்டமும் பாட்டுமாகக் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தாமும் கோப்பையைக் கையில் பிடித்துத் தெருவில் நடக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். பொதுத் தெருவில் திறந்த மதுவோடு நடப்பது இங்கே விதிமீறல்.

நியூஜெர்சித் தந்தை:
கேள்வி கேட்டவன் நான்தான். அனைவருக்கும் நன்றி. என் மனைவி சைவம். எங்களோடு முழங்கால் வலியுள்ள என் மாமனாரும் வருகிறார். ஆட்டம் மாலை மூன்றரை மணிக்கு. அவரை நடக்க வைக்காமல் சாப்பிட வைக்க என்ன வழி என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

கான்டன்வாசி:
மூன்றரை மணி ஆட்டம் என்றால் இன்னும் நல்லது, அவசரமே இல்லை. மெதுவாக நடந்தாலும் மாமனாருக்கு 30 நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

பழைய மாணவன்:
எல்லோரும் கவனிக்கவும், 25 இப்போது 30 ஆகிவிட்டது. முழங்கால் வலியுள்ள பெரியவர் 30 நிமிடத்தில் நடந்தால் கான்டன்வாசி அதே தூரத்தை ஓடியிருக்கிறார் என்று பொருள்.

புளியோதரைப் படை:
கடைக்குப் போவதே வீண் என்பது எங்கள் கட்சி. மைதானத்துக்கு எதிரே பயனியர் உயர்நிலைப் பள்ளி வளாகமும், பக்கத்தில் கால்ஃப் மைதானங்களும் ஆட்ட நாளில் வண்டி நிறுத்தும் இடங்களாகிவிடுகின்றன. காலையிலேயே போய் இடம்பிடித்து, வண்டியின் பின்கதவைத் திறந்து, மடக்கு மேசை போட்டால் அதுவே டெயில்கேட். எங்கள் குழுவில் ஒரு வீட்டிலிருந்து புளியோதரை, ஒரு வீட்டிலிருந்து தயிர்சாதம், ஒரு வீட்டிலிருந்து உருளைக்கிழங்கு வறுவல், வெயில் குறைந்த நாளில் அடுப்பில் சூடாகப் பஜ்ஜி. பக்கத்து வண்டிக்காரர்கள் பர்கரைக் கொடுத்துவிட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கிப் போகிறார்கள். மாமனார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடலாம், நடை ஐந்தே நிமிடம்.

கான்டன்வாசி:
நியூஜெர்சியிலிருந்து விமானத்தில் வருபவர் அடுப்பையும் மடக்கு மேசையையும் கையோடு கொண்டுவருவாரா? அவர் கேட்டது ஊரின் சுவையை. புளியோதரை அவர் வீட்டிலும் கிடைக்கும்.

புளியோதரைப் படை:
எங்கள் புளியோதரை அவர் வீட்டில் கிடைக்காது. போன ஆண்டு எங்கள் மேசையில் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போன ஒரு கான்டன் பிரமுகரை நாங்கள் மறக்கவில்லை.

ஸ்கார்பரோ மலர்:
அப்படியானால் கான்டன்வாசி அன்று ஸிங்கர்மன்ஸ் போகவில்லையா?

கான்டன்வாசி:
போய்விட்டுத்தான் வந்தேன். 25 நிமிடத்தில் வந்து சேர்ந்ததால்தான் மேசையில் தட்டு மிச்சமிருந்தது.

பழைய மாணவன்:
இரண்டு தட்டுப் புளியோதரைக்குப் பசி இருந்ததென்றால், ஒன்று அந்த சாண்ட்விச் வயிற்றை நிரப்பவில்லை, அல்லது நடை அதைச் செரிக்க வைக்கும் அளவுக்கு நீண்டிருக்கிறது. எதை ஒப்புக்கொள்கிறீர்கள்?

நான் சொல்லவந்ததை முழுவதும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே ஒவ்வொருவரும் தம் மேசையைத்தான் விளம்பரம் செய்கிறார்கள். மாமிசம் உண்பவர் இந்த ஊரில் முதலில் போக வேண்டிய இடம் பிளிம்பி பர்கர். 1953-இல் தொடங்கிய கடை. பேக்கர்ட் தெரு முனையிலிருந்த பழைய இடத்தை 2013-இல் விட்டு, அடுத்த ஆண்டு ஆஷ்லி தெருவுக்கு வந்தது, ஃப்ளீட்வுட்டுக்கு அடுத்தாற்போலவே இருக்கிறது. கணவன் இங்கே, மனைவி அங்கே என்று நியூஜெர்சி நண்பர் குடும்பத்தைப் பிரித்து உட்கார வைக்கலாம். ஆனால் அங்கே ஆர்டர் சொல்ல ஒரு முறை உண்டு. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து, எண்ணெயில் பொரிக்க வேண்டியவற்றை முதலில் சொல்ல வேண்டும். பிறகு எத்தனை அடுக்கு இறைச்சி, எந்த வகை பன், கல்லில் வதக்க வேண்டியவை எவை என்று அவர்கள் கேட்கும் வரிசையில் பதில் சொல்ல வேண்டும். சீஸ் கடைசியில்தான். முந்திக்கொண்டு சீஸ் என்று வாயைத் திறந்தால் கல்லடியில் நிற்பவர் கடிந்துகொள்வார், பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தத் திட்டுக்காகவே திரும்பத் திரும்பப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கொலம்பஸ்காரன்:
காசு கொடுத்துத் திட்டு வாங்கும் ஊர் என்று நாங்கள் சொன்னால் கோபம் வருகிறது.

கான்டன்வாசி:
பழைய மாணவன் படித்தது பொறியியல் என்று அவரே முன்பு எழுதியிருக்கிறார். பொறியியல் துறை இருப்பது ஹியூரான் ஆற்றுக்கு அப்பால் உள்ள வட வளாகத்தில். நான்கு ஆண்டும் பேருந்தில் போய்வந்தவர் மெயின் தெருவில் நடப்பதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று நமக்கு வகுப்பெடுக்கிறார். நான் இந்த மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே வரி கட்டி வாழ்கிறேன்.

பழைய மாணவன்:
பக்கத்தில்தானே? கான்டன் இருப்பது வெய்ன் மாவட்டத்தில், ஆன் ஆர்பர் இருப்பது வாஷ்டெனா மாவட்டத்தில். நீங்கள் ஆட்ட நாளுக்கு வண்டியில் வந்து இறங்குபவர். நான் பேக்கர்ட் தெருவில் வாடகைக்கு இருந்தவன். வகுப்பு வட வளாகத்தில், வாழ்க்கை இங்கே. 1927-இல் திறந்த மைதானத்துக்கு எந்தச் சந்து வழியாகப் போனால் கூட்டம் குறைவு என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்து வழியாகப் போயும் 45 நிமிடம். மைதானத்தை ஒட்டிய மெயின் தெருப் பகுதியில் ஆட்ட நாளில் வாகனத்தை விடுவதில்லை, தெரு முழுவதும் மனிதத் தலைகள். 1,07,601 பேர் என்பது அந்த மைதானத்தின் அதிகாரபூர்வக் கொள்ளளவு. அத்தனை பேரும் கான்டன்வாசிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்களா?

ஊற்றிக்கொடுப்பான்:
இடையில் ஒரு விண்ணப்பம். ஆட்டம் முடிந்தபின் எங்கே குடிப்பது என்று யாரும் சொல்லவில்லை. சவுத் யுனிவர்சிட்டி சாலையில் பிரவுன் ஜக் இருக்கிறது, அதையாவது ஏற்றுக்கொள்வீர்களா? அதுவும் டிவிஷன் தெருவுக்குக் கிழக்கே என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

பழைய மாணவன்:
கிழக்கேதான்.

நியூஜெர்சித் தந்தை:
மாமனார் விடுதி அறையிலேயே தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவருக்கு இரவு உணவு வாங்கி வர மட்டும் ஒரு வழி சொல்லுங்கள்.

கான்டன்வாசி:
நல்ல முடிவு. ஆட்டம் முடிந்ததும் 25 நிமிடம் வடக்கே நடந்தால் ஸிங்கர்மன்ஸ். ஐயா பழைய மாணவரே, வரும் சனிக்கிழமை வாருங்கள். கடை வாசலிலிருந்து இருவரும் கைக்கடிகாரத்தோடு நடப்போம், தோற்றவர் ரூபன் வாங்கித் தர வேண்டும்.

பழைய மாணவன்:
வருகிறேன். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது சாண்ட்விச் வரிசையின் வாலில் நிற்கும்போதே. ஆட்டம் பகல் 12 மணிக்கு இருக்க வேண்டும், சந்தை திறந்திருக்க வேண்டும்.

கான்டன்வாசி:
வரிசையில் நிற்பது நடையா?

பழைய மாணவன்:
நேற்று, நடை என்றால் நடை, முடிவு செய்ய ஒன்றுமில்லை என்றவர் நீங்கள்தான்.

புளியோதரைப் படை:
இருவரும் எந்த வழியாக வந்தாலும் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். இம்முறை கான்டன்வாசிக்கு ஒரு தட்டுதான்.