நெறிமுறைப் பிரிவில் சேரத் தனித் தேர்வு உண்டா?

கேள்வி (முனிர்கா, தில்லி): குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் என் மகள், வெளியுறவு அமைச்சகத்தின் நெறிமுறைப் பிரிவில் (புரோட்டோகால் பிரிவு) பணியாற்ற விரும்புகிறாள். அதற்கெனத் தனித் தேர்வு உண்டா?

பதில் (ஆர்.கே.புரம்): கிடையாது, ஐயா. இந்திய வெளியுறவுப் பணி அதிகாரிகளே சில ஆண்டுகள் அங்கே அமர்த்தப்பட்டு, பிறகு வேறு பிரிவுக்கோ தூதரகத்துக்கோ மாற்றப்படுகிறார்கள்.

பதில் (மயூர் விகார்): வெளிநாட்டுத் தலைவர் தில்லியின் பாலம் விமானப்படைத் தளத்தில் விமானத்திலிருந்து இறங்குவது முதல், குடியரசுத் தலைவர் மாளிகை முற்றத்தில் வரவேற்பு, ராஜ்காட்டில் மலரஞ்சலி, விருந்தில் யாருக்குப் பக்கத்தில் யார் என்பது வரை (இதில்தான் மனவருத்தங்கள் அதிகம்!) அப்பிரிவினர் கவனிக்க வேண்டும். தில்லியிலுள்ள வெளிநாட்டுத் தூதர்களின் விலக்குரிமைகளும் (வழக்கு, வரி போன்றவற்றிலிருந்து அவர்களுக்குள்ள விலக்குகள்) அப்பிரிவின் பொறுப்பே. ஆகவே அவ்வுரிமைகளை வகுக்கும், தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையை மகள் இப்போதே வாசிக்கலாம்.

கேட்டவர்: நன்றி. இன்றே சொல்கிறேன்.